காணப்படவில்லை

மூன்றாவது வழுக்கி. கீம்சா காய்ந்துவிட்டது.
மின்விசிறியை நிறுத்து, றொசான்,
எண்ணெய்த்துளி நடுங்குகிறது.

தங்கநாயகி, நாற்பத்தாறு, சம்பூர்.
திரும்பக் கிடைத்த காணியில் பற்றை வெட்டி
கச்சான் போட்டவள்.
இடது கன்னத்தில் எட்டு மாதமாய் ஒரு புண்.
"நோகேல்லை மிஸ், கடிக்கவும் இல்லை.
அதாலதான் வரேல்லை."

நோகாமல் இருப்பதுதான் அதன் கெட்டித்தனம்.

மணல் ஈ, கொசுவில் மூன்றிலொரு பங்கு.
இரைச்சல் கிடையாது. தத்தித் தத்தி வரும்.
மைம்மலில் தோலைக் கீறி
ஊறும் இரத்தத்தைக் குடிக்கையில்
தொண்டையில் அடைத்துக் கிடந்ததைக்
கக்கிவிட்டுப் போய்விடும்.

முதலில் ஓடிவரும் வெண்கலங்களுக்கு
ஆயுள் ஒரு நாளோ, இரண்டோ.
விழுங்கும். சாகும்.
செத்ததைத் துப்புரவாக்க
பெருந்தின்கலம் வந்து
பிணத்தோடு சேர்த்து அதையும் விழுங்கும்.

விழுங்கினால் முடிந்தது என்றுதான்
நானும் படிக்கும்போது நினைத்தேன்.

ஆய்வுகூட வாசலில் மான் நிற்கிறது.
இந்த ஊர் மான்,
பஸ் நிலையத்தில் படுத்து
ஆஸ்பத்திரிக் குப்பையில் மேய்வது.
வாயில் யாரோ எறிந்த லஞ்ச் சீற்,
குழம்பு வாசத்துக்காக.
உள்ளே போகும். கரையாது.
வயிற்றில் சுருண்டு கிடக்கும்,
மான் நடமாடும்வரைக்கும்.

நுணுக்குக்காட்டியில் அதைத்தான் பார்க்கிறேன்:
ஊதாக் கலம் ஒன்று, வயிறு நிறைய
சின்னச் சின்ன முட்டைகள் போல
இருபது, இருபத்தைந்து.
அமிலத்தில் குளித்துக்கொண்டு
இரண்டு நான்காகின்றன.

பாடப்புத்தகத்தில் இதற்குப் போர் என்று பெயர்.
படை, முற்றுகை, காவலரண்.
இந்த ஊரில் அந்தச் சொற்களை
நான் இலேசாக எடுப்பதில்லை.

ஒரு கிளைக்கலம் மட்டும்
அதன் துண்டொன்றைக் கையில் பிடித்தபடி
தாடைக்குக் கீழே நிணக்கணுவுக்குப் போகும்.
அங்கே வரிசை வரிசையாக ரீ கலங்கள்.
ஒவ்வொன்றிடமும் காட்டும்.
இதைக் கண்டீர்களா?
இதைக் கண்டீர்களா?
ஆயிரம் கடந்துபோகும்.
நாள்கணக்காய் நிற்கும், காட்டியபடி.

எங்கோ ஒன்று நிற்கும்.
அடையாளம் தெரியும் அதற்கு.
ஒன்று பத்தாகி, பத்து ஆயிரமாகிக்
கன்னத்துக்கு இறங்கிவந்து
பெருந்தின்கலத்தின் காதோடு
இன்ரபெறோன் மொழியில் சொல்லும்:
அது உன் வயிற்றில்தான் இருக்கிறது.

அப்போதுதான் அடுப்பு மூளும்.
நைத்திரிக் ஒட்சைட்டு.
தன் வயிற்றுக்குள்ளேயே தான் மூட்டும் நெருப்பு.

ஆக, தங்கநாயகி, கன்னத்துப் பள்ளம்
ஈ தோண்டியதல்ல,
முழுக்கவும் அது தின்றதுமல்ல.
உன் உடம்பு எரித்த இடம்.
இன்னொரு கலம் வந்து போதும் என்று சொல்லவேண்டும்.
பிந்திச் சொன்னால் முகம் போகும்.
முந்திச் சொன்னால் அது பிழைக்கும்.
சரியான நேரம் எதுவென்று
எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பன்னிரண்டு கிழமை, பன்னிரண்டு ஊசி,
புண்ணின் விளிம்பிலேயே.
அதற்கு மட்டும் நொந்தது. அழவில்லை,
கட்டில் கம்பியைப் பிடித்திருந்தாள் என்று
தாதி சொன்னாள்.

இன்று நூறு புலம் பார்த்தேன்.
பிறகு, ஏனோ, இன்னும் நூறு.

அறிக்கை ஆங்கிலத்தில்.
தமிழில் சொல்லச் சொன்னாள்.
"காணப்படவில்லை."
"காணேல்லை எண்டா, இல்லையெண்டோ?"

சில மிஞ்சும், எனக்குத் தெரியும்.
தழும்புக்கு அடியில், கணுவில்,
எண்ண முடியாத அளவு கொஞ்சமாய்.
அவை அங்கே கிடப்பதால்தானாம்
உடம்பு மறக்காமல் இருக்கிறது.
இதை எந்தத் தமிழில் சொல்வது?
"நான் பார்த்த இடத்தில இல்லை அக்கா" என்றேன்.

"தம்பியின்ட கடுதாசியிலயும்
உப்பிடித்தான் போட்டிருந்தவங்கள்."
கோபம் இல்லை குரலில்.
நாலாய் மடித்துக்
கைப்பையின் உள்ளறையில் வைத்தாள்.
அங்கே ஏற்கெனவே ஒரு கடதாசி இருந்தது,
மடிப்பில் கிழிந்து.

யன்னலால் பார்த்தேன்.
படியிறங்கியவள் மானிடம் நின்றாள்.
வாயில் தொங்கிய லஞ்ச் சீற்றைப்
பிடித்து இழுத்தாள்.
பாதி கையோடு வந்தது.
பாதி உள்ளே போய்விட்டது.